தலைமுழுகின வீட்டுப் பெண்

“மாத்திரை எழுதித் தர மாட்டீங்களா?”

“இல்லைங்கம்மா.”

“ஊசி?”

“அதுவும் கெடையாது. இங்க பேசுறதுதான் வைத்தியம்.”

“என்னத்தப் பேசுறது?”

“மனசுல என்ன வருதோ அது.”

“ஒண்ணும் வரலயே டாக்டரம்மா.”

“வரலைங்கிறதையே பேசலாம். அப்புறம், நான் டாக்டர் இல்லைங்க. இதுக்குன்னு படிச்சவ, அம்புட்டுத்தான்.”

முதல் நாள் இப்படித்தான் ஆரம்பித்தது. திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு மருந்துக்கடையின் மாடி. நேருக்கு நேராக இல்லாமல் சற்றே கோணலாகப் போட்ட இரண்டு நாற்காலிகள். ஒன்றில் சண்முகவள்ளி, ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தவள், மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இன்னொன்றில் ஃபாயிஸா. வள்ளியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். தலையில் சாம்பல் நிற முக்காடு. கையில் ஒரு பேனாகூட இல்லை.

வள்ளிக்கு நோவு தொண்டையில். ஒரே மகள் தமிழ்நிலா கல்யாணமாகி ஓசூருக்குப் போன மறுநாளிலிருந்து சோறு இறங்கவில்லை. வாயில் போட்ட கவளம் அங்கேயே நிற்கும். குழாய் விட்டுப் பார்த்தார்கள், கழுத்தைப் படம் எடுத்தார்கள். தொண்டையில் ஒன்றுமில்லை என்று கையை விரித்தார்கள். கடைசியில் மனநல டாக்டர் ஒருவர்தான் ஃபாயிஸாவின் பெயரைச் சொல்லி, “கொஞ்ச நாள் ஆகும், பொறுமையாப் போங்க” என்றார். கொஞ்ச நாள் என்றால் ஒரு மாதம் என்று வள்ளி நினைத்துக்கொண்டாள். வருஷக்கணக்கில் ஆகும் என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் மாடிப்படியிலேயே திரும்பியிருப்பாள்.

“வாரத்துக்கு ஒரு நாள், புதன்கிழமை பதினோரு மணி. அம்பது நிமிசம்,” என்றாள் ஃபாயிஸா. “அது உங்களுக்குன்னே வச்ச நேரம். வேற யாருக்கும் தர மாட்டேன். நான் லீவு போட்டா முன்கூட்டியே சொல்லிருவேன்.”

“எனக்குக் கல்யாணம் காச்சின்னு வந்தா?”

“சொல்லிட்டுப் போங்க. வந்து அதையும் பேசுவோம்.”

“எல்லாத்தையும் பேசுவோம்ங்கிறீங்களே. எங்க வீட்டுக்காரர் கேட்டா மண்டியப் பூட்டிட்டு இங்கயே வந்து ஒக்காந்துக்குவாரு.”

“இன்னொண்ணு அம்மா...”

“அந்த அம்மா வேணாம்.”

வெடுக்கென்று வந்துவிட்டது. வள்ளிக்கே திகைப்பாக இருந்தது.

“வயசுல பெரியவங்கன்னு சொன்னேன்.”

“வேற எப்படின்னாலும் கூப்பிடுங்க. அக்கான்னு கூப்பிடுங்க.”

“சரிங்கக்கா,” என்றாள் ஃபாயிஸா. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுவாரம் வள்ளி வந்திருக்க மாட்டாள்.

வீட்டுக்காரர் சௌந்தரராசு காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருந்தார். காலையிலிருந்து ஏலம் கூவிக் கூவி வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவார்.

“பேசுறதுக்கா பஸ் ஏறிப் போற? வீட்ல நான் ஒருத்தன் இருக்கேன்ல?”

“நீங்க எங்க பேச விடுறீக?”

“சரி, விட்டாச்சு. இப்பப் பேசு.”

வள்ளி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாத்தியா, பேசுறதுக்கு ஒண்ணுமில்ல. சோத்தப் போடு,” என்றார்.

முதல் வருஷம் முழுக்க வள்ளி மாமியாரைப் பற்றியும் மருமகனைப் பற்றியும் தக்காளி விலையைப் பற்றியும் பேசினாள். பேச்சு தீர்ந்துபோன நாட்களில் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கீழே தெருவில் பிரியாணிக் கடையில் தம் உடைக்கும் வாசனை மேலே வரும். ஃபாயிஸா அவசரப்படுத்த மாட்டாள். அந்தச் சும்மா இருத்தல் வள்ளிக்கு முதலில் பயமாக இருந்தது. அப்புறம் பழகியது. அப்புறம் அதற்காகவே வந்த மாதிரியும் இருந்தது.

ஒரு நாள் தூக்குவாளியில் பணியாரம் கொண்டுபோனாள்.

“வாங்கிக்க முடியாதேக்கா. ஆனா எனக்குக் கொண்டு வரணும்னு உங்களுக்குத் தோணியிருக்கு. அதப் பேசலாமா?”

“பணியாரத்துல பேசுறதுக்கு என்ன இருக்கு? வெல்லம் இருக்கு.”

ஃபாயிஸா சிரித்துவிட்டாள். வள்ளியும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குப் போனதும் அந்தப் பணியாரம் முழுவதையும் அள்ளிப் பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போட்டாள். ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த வருஷக் கடைசியில் வந்த பெருநாளுக்கு ஃபாயிஸா ஒரு வாரம் லீவு சொன்னாள். “நல்லாப் போயிட்டு வாங்க, எனக்கென்ன,” என்றாள் வள்ளி. அந்த வாரம் கஞ்சித் தண்ணிகூட இறங்கவில்லை.

“போன வாரம் நான் இல்ல,” என்று ஃபாயிஸா ஆரம்பித்தாள்.

“ஆமா. அதுக்கென்ன?”

“என் மேல கோவம் இருந்துச்சா?”

“உங்க மேல எனக்கு என்ன கோவம்? நீங்க என்ன, என்னையப் பெத்த ஆத்தாளா, விட்டுட்டுப் போனீங்கன்னு கோவப்பட?”

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். மீதி நேரமெல்லாம் ஜன்னலைப் பார்த்தாள். போகும் நேரத்தில்தான், எழுந்து நின்றுகொண்டு, “எங்க ஆத்தா செத்துப்போச்சு. எனக்கு அப்ப ஏழு வயசு,” என்றாள்.

அதற்கப்புறம் பல மாதங்கள் அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றியே போயின. எப்படிச் செத்தார்கள்? தெரியாது. எங்கே அடக்கம்? தெரியாது. படம் இருக்கிறதா? இல்லை. ஃபாயிஸா துருவவில்லை. வள்ளி சொன்னதைத் திருப்பிச் சொல்வாள், அவ்வளவுதான். திருப்பிச் சொல்லும்போது அந்த வாக்கியத்திலிருந்த ஓட்டை வள்ளிக்கே தெரியும்.

“தலைக்குக் குளிச்சோம்,” என்றாள் ஒரு புதன்கிழமை.

“யாரெல்லாம்?”

“வீட்டோட. வெள்ளிக்கிழமை இல்ல, தீவாளி இல்ல, எண்ணெயும் தேய்க்கல. எங்க அய்யா தோட்டத்துல மோட்டாரப் போட்டுட்டு எல்லாரையும் தொட்டிகிட்ட வரச் சொன்னாரு. அவரு மொதல்ல ஊத்திக்கிட்டாரு. அப்புறம் சித்தப்பா. எல்லாம் கட்டுன துணியோட. அத்தை என்னையப் பிடிச்சு நிறுத்தி ஒரு கொடத்தத் தலையில கவுத்துச்சு. எதுக்குன்னு கேட்டேன். ஒங்காத்தா செத்துட்டா, தலமுழுகியாச்சுன்னாரு அய்யா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பாடை எங்கன்னு கேட்டேன்.”

வள்ளி மடியிலிருந்த பையை நிமிர்த்தி வைத்தாள்.

“அடுத்த வீட்ல சாவு விழுந்து ஒரு மாசம்கூட ஆகல. கொட்டு வந்துச்சு, பூத்தேர் கட்டுனாக, நான் பக்கத்துல நின்னு பாத்தேன். எங்க வீட்ல ஒண்ணுமே இல்லயே. அதான் கேட்டேன், பாடை எங்க, அத்தைன்னு. வாயிலயே ஒண்ணு போட்டுச்சு.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் நான் எதுவும் கேக்கல. யார்கிட்டயும்.”

வள்ளியின் கை தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தது. ஃபாயிஸாவின் கண் அங்கே போனதைப் பார்த்துத்தான் அவளே குனிந்து தன் கையைப் பார்த்தாள்.

மறுவாரம் உட்கார்ந்ததும் உட்காராததுமாகச் சொன்னாள்: “எங்க ஆத்தா சாகல டாக்டரம்மா. ஓடிப்போச்சு.”

ஊர் முழுக்கத் தெரிந்ததுதான். வடமதுரைப் பக்கத்து ஊர் அது. வீட்டை விட்டுப் போனவளுக்கு வீட்டோடு தலைமுழுகிவிட்டால் அவள் செத்தவள். அப்புறம் அவள் பெயரை எடுக்கக் கூடாது. வழியில் கண்டாலும் கண்டதாக ஆகாது. வள்ளியின் கல்யாணப் பந்தியிலேயே யாரோ பேசினது அவள் காதில் விழுந்தது. ‘பொன்னழகு பழநிக்கு அங்கிட்டு, கீரனூர்ல இருக்காளாம். அந்தாளோட ரெண்டு புள்ளைகளாம்.’ மணப்பெண் தலையைக் குனிந்தபடியே இருந்தாள். தெரிந்ததைத் தெரியாததாகவே வைத்துக்கொண்டு ஒரு மகளைப் பெற்று வளர்த்துக் கட்டியும் கொடுத்துவிட்டாள். வாய்விட்டு ஓர் ஆளிடம் சொன்னது இந்த மாடியில்தான்.

சொன்ன பிறகு சோறு இறங்கியது. தமிழ்நிலா வந்து தங்கிவிட்டுப் போன அன்றைக்கும் இறங்கியது.

“அதான் சரியாப் போச்சுல்ல,” என்றார் சௌந்தரராசு. “இன்னும் எதுக்குப் போற?”

“இப்பத்தாங்க வலிக்கவே ஆரம்பிச்சிருக்கு.”

“வலிக்கிறதுக்கா வைத்தியம் பாக்குற?”

அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. அதையும் கொண்டுபோய் ஃபாயிஸாவிடம் சொன்னாள். பிறகு, மனசில் வெகுநாளாகப் புரண்டுகொண்டிருந்ததைக் கேட்டாள்.

“நான் கீரனூர் போய்ப் பாக்கவா?”

“பாக்கணும்னு இருக்கா?”

“நீங்க சொல்லுங்க. போன்னா போறேன். வேணாம்னா விட்டுர்றேன்.”

“நான் சொல்லி நீங்க போனா, அங்க கதவத் தட்டுறது நானா நீங்களா?”

“உங்க வாயில நேரா ஒரு பதில் வரவே வராதா?”

“சின்னப் புள்ளையில உங்க தலையில தண்ணி ஊத்தலாமான்னு உங்கள யாரும் கேக்கலக்கா. இதையாவது நீங்க முடிவு பண்ணணும்னு நெனைக்கிறேன். போறதுக்கு எது தடுக்குது?”

“போயி நின்னா, நீ யாருன்னு கேட்டுட்டா?”

“ம்.”

“அத விடுங்க. வாடி எம்மகளேன்னு கட்டிப்பிடிச்சுக்கிட்டா? அதுக்குத்தான் ரொம்பப் பயமா இருக்கு. எங்க அய்யாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“அய்யா தவறிட்டாருன்னு சொன்னீங்க.”

“தவறிட்டாரு. அதனாலதான் பயமா இருக்கு. உசிரோட இருந்தாச் சண்டை போடலாம்.”

இப்படியே ஒரு வருஷம் போயிற்று. ஒரு தடவை வள்ளி நிஜமாகவே கிளம்பிவிட்டாள். பழநி பஸ் ஏறியவள் ஒட்டன்சத்திரத்தில் இறங்கி, மார்க்கெட்டுக்குள் போய், ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

“ஒட்டன்சத்திரம் போயா முருங்கக்கா வாங்கிட்டு வந்த?” சௌந்தரராசு கட்டைப் புரட்டிப் பார்த்தார். “நம்ம மண்டியில மூட்டை மூட்டையாக் கெடக்கு. இதுவும் அங்க இருந்துதான் வருது.”

“நல்லாருந்துச்சு, வாங்கினேன்.”

அவர் மேலே கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிற மனுஷன் இல்லை அவர்.

மாசி முதல் வாரத்தில் ஃபாயிஸா சொன்னாள்: “வர்ற மாசம் முழுக்க நான் இருக்க மாட்டேன்க்கா. இப்பவே சொல்லிர்றேன். அதப் பத்திப் பேச நமக்கு இன்னும் மூணு புதன்கிழமை இருக்கு.”

“ஒரு மாசமா? எங்க போறீங்க?”

“எங்கன்னு தெரிஞ்சா?”

“ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.” பிறகு வள்ளியே சொன்னாள், “நீங்க திரும்பி வந்ததும் கீரனூர் போயிர்றேன். இந்தத் தடவை நிச்சயம். நீங்க இங்க இருக்கும்போது போனாத்தான், என்ன ஆனாலும் வந்து சொல்றதுக்கு ஒரு எடம் இருக்கும்.”

“சரிக்கா,” என்றாள் ஃபாயிஸா.

அந்த ‘சரி’யை வள்ளி பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஆத்தாளுக்கு ஒரு சேலை எடுத்தாள். கரும்பச்சை, சின்னக் கரை. வயது எழுபதுக்கு மேல் இருக்கும், அடர்ந்த நிறம் கட்டுவாளோ மாட்டாளோ என்று கடையில் வெகுநேரம் நின்றாள்.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தபோது சௌந்தரராசு நடுப்பகலில் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

“என்னங்க, மண்டிய விட்டுட்டு வந்துட்டீக?”

“கீரனூர்த் தேங்கா லோடு வந்துச்சு. அந்த டிரைவர்ட்ட சொல்லி வச்சிருந்தேன்.”

“என்னன்னு?”

“ஏதாச்சும்னா சொல்லுப்பான்னு.”

வள்ளி உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“முந்தாநாளே எடுத்துட்டாகளாம் வள்ளி.”

“எப்ப இருந்து சொல்லி வச்சிருந்தீக?”

“நீ முருங்கக்கா வாங்கிட்டு வந்த அன்னையில இருந்து.” ஏலக் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. “நானும் வாரேன், போவோம்.”

“வேணாம். நான் மட்டும் போறேன்.”

கீரனூரில் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. சாமியானாவை இன்னும் அவிழ்க்கவில்லை. உள்ளே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக யாராவது துக்கம் கேட்க வந்தால் ஓடிவந்து கட்டிக்கொண்டு, முறை சொல்லி அழுதார்கள். ‘எங்க அத்தே’, ‘எங்க சின்னம்மா’ என்று. வள்ளியையும் ஒரு கிழவி வந்து கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு காத்திருந்தாள், இவள் என்ன முறை சொல்லி அழப்போகிறாள் என்று. வள்ளிக்கு வாய் திறந்தது. வார்த்தை தொண்டையில் வந்து நின்றது. அந்த வார்த்தையைச் சொன்னால் அந்த வீடே திரும்பிப் பார்க்கும்.

கிழவி கையை விட்டுவிட்டு, “என்ன மொறை வேணும் சாமி?” என்றாள்.

மொட்டையடித்திருந்த ஓர் ஆள் எழுந்து வந்தான். நாற்பது வயது இருக்கும். மகன் பிரபு.

“வாங்க. ஏனுங்க, எந்த ஊருங்க?”

“வடமதுரைப் பக்கம்.”

“வடமதுரைங்களா? அங்க நமக்கு யாருமில்லீங்களே. என்றம்மாளுக்குத் திருச்சிப் பக்கமுங்க.”

“அப்படியா சொல்லுச்சு?”

“ஆமாங்க. அதுவும் கேட்டாத்தான் சொல்லும். தனக்குன்னு ஆருமில்ல, அப்பன், கூடப்பொறந்தவங்க, எல்லாரும் ஒரே வருசத்துல போய்ச் சேந்துட்டாங்கன்னு சொல்லும்.” அவன் நிறுத்தி அவளை உற்றுப் பார்த்தான். “ஏனுங்க, நீங்க அவங்களுக்கு என்ன வேணுமுங்க?”

பஸ்ஸில் வரும்போது வள்ளி ஒத்திகை பார்த்திருந்தாள். நான்தான் மூத்தவள் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று நிற்க வேண்டும். ஆனால் இந்த மனுஷனின் ஆத்தா செத்து மூன்று நாள்தான் ஆகிறது. அவனுக்கு அவள் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த நாதியற்ற பெண். அந்த ஆத்தாளுக்காகத்தான் இப்போது அழுதுகொண்டிருக்கிறான். அதைப் பிடுங்கி எடுப்பதா?

“ஒரே தெரு,” என்றாள். “அப்புறம் எங்கயோ போயிட்டாக. நான் சின்னப்புள்ளை. எனக்குத் தல சீவி விடுவாக.”

“அவங்க வீட்டு ஆளுங்க எல்லாம்?”

“ஆமா. போய்ச் சேந்துட்டாங்க.”

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்து, எதிரே தரையில் குந்திக்கொண்டான்.

“அம்மாவ அந்த வயசுல பாத்த ஆரையும் நான் பாத்ததில்லீங்க. அப்ப எப்படிங்க இருக்கும்?”

“சிரிச்சா வாயப் பொத்திக்கும். முன்பல்லு கொஞ்சம் தூக்கலா இருக்கும்ல.”

“கடைசி வரைக்கும் அப்படித்தானுங்க.” சொல்லும்போதே அவனும் வாயைப் பொத்திக்கொண்டான். அவனுக்கும் அதே பல்.

“ஜடை இறுக்கிப் பின்னும். கண்ணெல்லாம் மேல இழுத்துக்கும். அழுதா, செத்த நேரம் பொறுத்துக்கடி, சாயங்காலம் வரைக்கும் கலையாதுன்னு சொல்லும். கம்மங்கூழ் பிடிக்காது. தோட்டத்துக்குப் போகையில வேகமா நடக்கும், நான் பின்னாலயே ஓடணும்.”

“இன்னும் சொல்லுங்க.”

சொன்னாள். ஏழு வருஷத்தில் சேர்ந்தது எவ்வளவோ அவ்வளவும் சொன்னாள். அதிகம் இல்லை, சீக்கிரம் தீர்ந்துவிட்டது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “காரியத்துக்கு வாங்க,” என்றான். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகிற வழக்கமில்லை. வள்ளி பேசாமல் எழுந்து வந்தாள். சேலை பைக்குள்ளேயே இருந்தது.

புதன்கிழமை பதினோரு மணிக்கு மாடியேறினாள். ஃபாயிஸா சற்று மெலிந்திருந்தாள். வள்ளியின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ ஆகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் காத்திருந்தாள்.

“செத்துப்போச்சு,” என்றாள் வள்ளி.

“எப்பக்கா?”

“நீங்க இல்லாதப்ப.”

எல்லாவற்றையும் சொன்னாள். பிரபுவிடம் சொன்ன பொய்யையும் சொன்னாள். அழவில்லை. கணக்கு ஒப்பிக்கிற மாதிரி வரிசையாகச் சொல்லிவிட்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்தாள்.

“எனக்கு ஒண்ணு தெரியணும். போடின்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்ல?”

“போயிருக்கலாம்.”

“உசிரோட பாத்திருப்பேன்.”

“பாத்திருக்கலாம்க்கா.”

“நீங்க வந்ததும் போறேன்னு சொன்னேன். எனக்காக எதுக்குக் காத்திருக்கணும்னு நீங்க கேக்கல. சரின்னீங்க.”

“ஆமா. சரின்னு சொன்னேன். கேட்டிருக்கணும்.”

“ஏதாச்சும் காரணம் சொல்லுங்க. படிச்சிருக்கீங்கள்ல. உங்க நல்லதுக்குத்தான்னு ஏதாச்சும் சொல்லுங்க.”

“இன்னிக்கு எங்கிட்டக் காரணம் இல்லக்கா.”

சண்டைக்கு வந்தவளுக்குச் சண்டை கிடைக்கவில்லை. அதுதான் வள்ளிக்குத் தாங்கவில்லை. எழுந்தாள்.

“எங்க வீட்ல இதுக்கு வழி இருக்கு. வேணாம்னா தலமுழுகிருவோம். எங்கய்யா ஆத்தாளுக்கு முழுகுனாரு. ஆத்தா எங்க எல்லாருக்கும் முழுகிருச்சு, எனக்கும் சேத்து. இன்னிக்கு வீட்டுக்குப் போயி உங்களுக்கு நான் முழுகிர்றேன். இனி வர மாட்டேன்.”

“அடுத்த புதன்கிழமை பதினோரு மணி உங்க நேரம்க்கா. நான் இங்க இருப்பேன்.”

“வர மாட்டேன்னு சொல்றேன்ல.”

“கேட்டுச்சு. நான் இருப்பேன்.”

வீட்டுக்கு வந்து குளியலறையில் குடத்தை நிரப்பினாள். நிரப்பிவிட்டு அதன் பக்கத்தில் நின்றாள். பிறகு அந்தத் தண்ணீரில் துணி அலசினாள்.

அடுத்த புதன்கிழமை சௌந்தரராசு மண்டிக்குக் கிளம்பாமல் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இன்னிக்குப் புதன்கிழமை.”

“தெரியும்.”

“வண்டியில எறக்கி விடுறேன், வாரியா?”

“நீங்கதான போக வேணாம்னு சொல்லுவீக.”

“சொல்லுவேன். நான் சொல்லி நீ என்னிக்குக் கேட்ட?”

அவள் போகவில்லை. பதினோரு மணியானதும் வெங்காயம் உரிக்க உட்கார்ந்து, இரண்டு நாளைக்குத் தேவையான வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

அதற்கடுத்த வாரமும் போவதாக இல்லை. ஆனால் பதினோரு மணி நெருங்கும்போது, அந்தப் பொம்பளை சொன்னபடி இருக்கிறாளா, இல்லை என் நேரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டாளா என்று ஒரு கேள்வி வந்தது. வந்த கேள்வி போகவில்லை. பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்று பஸ் ஏறினாள். மருந்துக்கடைக்கு எதிரே நின்று அண்ணாந்து பார்த்தாள். மாடியில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

மேலே ஏறினபோது கதவு ஒருக்களித்திருந்தது. ஃபாயிஸா தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் போன் இல்லை, புத்தகம் இல்லை. எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

“வாங்கக்கா. இன்னும் செத்த நேரம் இருக்கு.”

வள்ளி நுனியில் உட்கார்ந்தாள்.

“போன வாரமும் இப்படித்தான் ஒக்காந்திருந்தீங்களா?”

“ஆமா.”

“முழுசுக்கும்?”

“முழுசுக்கும்.”

“நான் வர மாட்டேன்னு சொல்லிட்டுத்தான போனேன்?”

“சொன்னீங்க.”

“அப்புறம் என்னத்துக்கு ஒக்காந்திருக்கணும்?”

“உங்க நேரம்க்கா அது.”

வள்ளி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், வேறு ஏதோ வந்தது. “எல்லாத்தையும் அவன்கிட்டக் குடுத்துட்டு வந்துட்டேன் டாக்டரம்மா. ஜடை பின்னுனது, சிரிச்சது, எல்லாம். எனக்குன்னு ஒண்ணுகூட வச்சுக்கல. பதிலுக்கு அவன்கிட்ட எனக்குத் தர ஒண்ணுமில்ல. எம்பேரு அந்த வீட்ல ஒரு நாளும் வரல. ஒரு நாளும் வரலையாம்.” அதற்குமேல் வார்த்தையாக வரவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். பொத்தியும் நிற்கவில்லை. வயிற்றிலிருந்து கிளம்பின அழுகை அந்தச் சின்ன அறையை நிறைத்தது. கீழே மருந்துக்கடையில் யாரோ நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். ஃபாயிஸா எழுந்து வந்து தொடவில்லை, தேற்றவில்லை, தண்ணீர் எடுத்துத் தரவில்லை. நாற்காலியில் அசையாமல், வள்ளியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

“நேரமாச்சுக்கா,” என்றாள் கடைசியில், மெதுவாக.

“செத்த நேரம் இருந்துக்கிறேனே.”

“அடுத்து ஒருத்தர் வருவாங்க. புதன்கிழமை வாங்க.”

“அதுக்கு ஒரு வாரம் இருக்கே.”

“ஆமாக்கா. ஒரு வாரம் இருக்கு.”

இதையும் அவள் குறைத்துச் சொல்லவில்லை. வள்ளி நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தாள். முகத்தைத் துடைக்கத் தோன்றவில்லை. அப்படியே படியிறங்கினாள்.

மருந்துக்கடைக்காரர் ஜெகபர் அலி வருஷக்கணக்காக அவள் ஏறி இறங்குவதைப் பார்த்தவர். இதுவரை ஒரு வார்த்தை பேசினதில்லை. இன்றைக்குக் கல்லாவை விட்டு வெளியே வந்தார்.

“என்னம்மா, என்னாச்சு?”

“எங்க ஆத்தா செத்துப்போச்சு பாய்,” என்றாள் வள்ளி.

“அடடா. எப்பம்மா?”

ஏழு வயதில் என்று சொல்வதா, போன மாதம் என்று சொல்வதா, இப்போதுதான், மேலே, என்று சொல்வதா? அவர் நீட்டின தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு வெயிலில் நின்றாள்.